புதிதாகத் திறந்த தாய் உணவகம்: போய் உட்காரலாமா, பார்சல் சொல்லலாமா, வீட்டிலேயே ஆக்கலாமா?

அண்ணா நகரில் எங்கள் தெருமுனையில் அந்தப் பலகையை ஏற்றிய அன்றைக்கு அம்மாவுக்கு ஏக சந்தோஷம். மேலே ஆங்கிலத்தில் பெரிதாக ஒரு பெயர், கீழே சின்னதாகத் தமிழில் 'தாய் உணவகம்'. "பரவால்லையே, வீட்டுச் சாப்பாடு போடுற மெஸ் போலிருக்கு. முடியாத நாள்ல ரசமாவது வாங்கிக்கலாம்" என்றாள். அது தாய்லாந்துச் சாப்பாடு என்று சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. "அவங்க எல்லாத்துலயும் மீனு போடுவாங்களே!"

அம்மா முட்டைகூடத் தொடாத சைவம். நானும் மகளும் எல்லாம் சாப்பிடுவோம். தம்பி இரண்டு வருடம் பாங்காக்கில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். தாய்ச் சாப்பாடு என்றால் பத்துக் குறை சொல்லாமல் தட்டைத் தொட மாட்டான். இவர்களை வைத்துக்கொண்டு இரண்டு மாதத்தில் அந்தச் சமையலை ஐந்து விதமாகச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன். திறந்த வாரத்தில் போய் உட்கார்ந்தோம். ஒரு மழை இரவில் செயலி வழியாக வரவழைத்தோம். வேலைநாள் மதியம் ஒரு செட் லஞ்ச், இன்னொரு நாள் இரவு மெனு பார்த்து நாலு பேருக்கு ஆர்டர். கடைசியாக எங்கள் வீட்டு அடுப்பு. உங்கள் பகுதியிலும் இப்படி ஒன்று திறந்து, போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால் என் கணக்கு உதவக்கூடும்.

எனக்குப் பிடிபட்டது இதுதான்: என்ன சாப்பிடப் போகிறோம் என்று முதலில் தீர்மானித்துவிட்டால், எங்கே சாப்பிடுவது என்பது தானாகத் தெரிந்துவிடும். தாய்ச் சமையலில் சில தட்டுகளின் ஆயுள் ஐந்து நிமிடம். சில மறுநாள் காலை வரை தாங்கும், இன்னும் கொஞ்சம் நன்றாகவே ஆகும்.

திறந்த வாரமா, கொஞ்சம் பொறுத்தா?

திறப்பு விழாவுக்கு இருபது சதவீதம் தள்ளுபடி என்று வீடு வீடாக நோட்டீஸ் போட்டிருந்தார்கள். சனிக்கிழமை இரவு போனோம். வாசலில் முக்கால் மணி நேரம். உள்ளே உட்கார்ந்த பிறகு மெனு அட்டையில் நான் விரல் வைத்த மூன்று இடத்துக்கும் "அது நாளையிலேர்ந்துதான் மேடம்". பப்பாளிக்காய் வரவில்லையாம், ஆகவே அதைச் சீவி இடிக்கிற சோம் தாம் சாலட் கிடையாது. சூப் வந்தபோது சோறு வரவில்லை. சோறு வந்தபோது கறி ஆறியிருந்தது. பில்லில் தள்ளுபடியைக் காணோம். கேட்டபின் திருத்திக் கொடுத்தார்கள்.

கோபம் வந்தது உண்மைதான். வீட்டுக்கு வந்து யோசித்தால் காரணம் புரிகிறது. நம் ஊர் ஓட்டலில் சாம்பாரும் கூட்டும் அண்டாவில் தயாராக இருக்கும், அள்ளி ஊற்றினால் முடிந்தது. தாய் அடுப்படியில் வதக்கும் பண்டம் ஒவ்வொன்றும் தனித்தனியாக வாணலி ஏறி இறங்க வேண்டும். பதினைந்து மேசை ஒரே நேரத்தில் நூடுல்ஸ் கேட்டால் பதினைந்து தடவை வாணலி சூடேற வேண்டும். கை பழகாத அடுப்படிக்கு அது பெரிய சோதனை. ஆறிலிருந்து எட்டு வாரம் பொறுப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். தள்ளுபடியில் மிச்சமான பணத்தை ஆறிய கறியில் இழந்துவிட்டோம்.

அந்த இரவால் ஒரு லாபமும் உண்டு. சமையல்காரர் எவ்வளவு தூரம் ஒழுங்காகச் சமைக்கிறார் என்று கண்டுபிடிக்கத் தம்பி வைத்திருக்கும் குறுக்குவழிகள் தெரிந்தன. முதலில் அவன் பார்த்தது பாட் தாய் என்ற வதக்கிய நூடுல்ஸின் நிறம். புளி, பனைவெல்லம், மீன் சாறு மூன்றும் சேர்ந்தால் நூடுல்ஸ் மங்கிய பொன்நிறத்தில் இருக்கும். செக்கச்செவேல் என்று வந்தால் உள்ளே தக்காளி கெச்சப். இத்தனைக்கும் பாட் தாய் ஒன்றும் ஆதிகாலத்துப் பண்டம் இல்லை. நாட்டின் பெயரே 1939இல்தான் சயாமிலிருந்து தாய்லாந்து ஆனது. அந்தக் காலத்துப் பிரதமர் பிபுன்சோங்க்ராம் தேசியப் பெருமை என்று சொல்லிப் பரப்பிய அரிசி நூடுல்ஸ் இது. வாணலியில் நூடுல்ஸ் வதக்கும் வித்தை சீனக் குடியேறிகளுடையது. புளியும் வெல்லமும் மீன் சாறும் சேர்ந்துதான் அதைத் தாய்லாந்துப் பண்டம் ஆக்கின. அந்தப் புளியையே எடுத்துவிட்டு கெச்சப்பை ஊற்றினால் மிச்சம் என்ன இருக்கிறது என்பது தம்பியின் கேள்வி. எங்களுக்கு வந்தது பொன்நிறம்தான். தப்பித்தார்கள்.

அடுத்தது சோறு. 'ஹோம் மாலி' என்ற மல்லிகை அரிசி அவர்களுடையது. பெயரில் மல்லிகை இருந்தாலும் மணம் ரம்பை இலையை ஒத்தது. வடித்தால் லேசாக ஒட்டிக்கொள்ளும். முதல் வாரம் எங்களுக்குப் பாஸ்மதியை வைத்தார்கள். உதிரி உதிரியான பாஸ்மதி தாய்க் கறியைப் பிடித்துக்கொள்ளாது, கறி அடியில் தேங்கிவிடும். இரண்டாம் மாதம் போனபோது மல்லிகை அரிசிக்கு மாறியிருந்தார்கள். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

தாய்லாந்தின் வணிக அமைச்சகம் வெளிநாட்டில் இருக்கும் தாய் உணவகங்களுக்கு 'தாய் செலக்ட்' என்று ஒரு முத்திரை தருகிறது. இருந்தால் நல்லது. திறந்து இரண்டு மாதமே ஆன கடையில் அது இல்லையே என்று ஒதுக்க வேண்டியதில்லை.

பார்சலில் எது பிழைக்கும்?

மழை இரவில் நான் செய்த தவறு பாட் தாய் சொன்னது. டப்பாவைத் திறந்தால் இடியாப்பத்தைப் பிசைந்து உருட்டிய மாதிரி ஒரே கட்டி. அரிசி நூடுல்ஸ் சூடாக மூடி வைத்த நிமிடத்திலிருந்து சாற்றைக் குடித்துக்கொண்டே இருக்கும். அரை மணி நேரத்தில் சாறும் இல்லை, நூடுல்ஸும் இல்லை. முளைப்பயறு வதங்கி, வேர்க்கடலை நமுத்து, ஓரத்தில் வைத்த எலுமிச்சைத் துண்டு சூட்டில் வெந்து கசந்துபோய் இருந்தது. தம்பி போனில் சிரித்தான். "அக்கா, அதை அங்கயே நின்னு சாப்பிடணும். பாங்காக்ல தள்ளுவண்டிக்குப் பக்கத்துலயே ஸ்டூல் போட்டிருப்பான், எதுக்குன்னு நெனச்சே?"

சோம் தாமும் அப்படித்தான். பப்பாளிக்காய்ச் சீவலை உப்பும் புளிப்பும் சேர்த்து உரலில் தட்டியதும் அது தண்ணீர் விட ஆரம்பித்துவிடும். இடித்த கையோடு சாப்பிட்டால் மொறுமொறுவென்று இருக்கும். வண்டியில் ஏறி மூன்று கிலோமீட்டர் வந்தால் பப்பாளி ஊறுகாய்.

டாம் யம் சூப் பரவாயில்லை ரகம். எலுமிச்சம்புல், பேரரத்தை, எலுமிச்சை இலை போட்டுக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்த பிறகே எலுமிச்சைச் சாறு பிழிவார்கள். நாம் எலுமிச்சை ரசத்துக்குச் செய்வதேதான், காரணமும் அதேதான். அந்த வாசனைக்கு ஆயுள் குறைவு. இறால் போட்ட டாம் யம் குங்கை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமை பிளாஸ்டிக் டப்பாவில் பாதிதான் வந்து சேரும்.

பார்சலுக்கென்றே பிறந்தது மாசமன் கறி. பட்டை, ஏலம், கிராம்பு, சீரகம், ஜாதிக்காய் போட்டு, உருளைக்கிழங்கும் வேர்க்கடலையும் சேர்த்துத் தேங்காய்ப்பாலில் நிதானமாக வேகவைப்பது. இஸ்லாமிய வணிகர்கள் வழியாக வந்த சமையல் என்பது 'முசல்மான்' என்று காதில் விழும் பெயரிலேயே தெரிகிறது. மகள் ஒரு வாய் வைத்துவிட்டு "இது குருமாதானேம்மா?" என்றாள். தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். நேற்று வைத்த மீன் குழம்பு இன்றைக்கு ருசிப்பதுபோல மாசமனும் ஊற ஊறக் கூடும். பாதியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து மறுநாள் இடியாப்பத்தோடு சாப்பிட்டோம். சொல்லப்போனால் இந்த இரண்டு மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேளை அந்தக் காலை உணவுதான்.

கிரீன் கறியும் பயணத்தைத் தாங்கும், பச்சை நிறம் மட்டும் கொஞ்சம் செத்துப்போகும். காசு விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். உணவகத்தில் 460 ரூபாயாக இருந்த கறி, செயலியில் 520. அதோடு பேக்கிங், டெலிவரி. அதற்கு மேல் 120 ரூபாய் கொடுத்து ஒரு கிண்ணம் சோறும் சொல்வது வீண். கறியை மட்டும் வரவழைத்துச் சோற்றை வீட்டில் வடித்துக்கொள்ளுங்கள்.

மதிய செட் லஞ்ச், இரவு மெனு

மதிய செட் 550 ரூபாய். சின்னக் கிண்ணத்தில் சூப், இரண்டு துண்டு ஸ்பிரிங் ரோல், கறியோ வதக்கலோ ஒன்று, சோறு, ஒரு கரண்டி ஐஸ்கிரீம். வரியோடு 577 ரூபாய் 50 காசு. அலுவலகத்திலிருந்து தனியாகப் போகிறவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. தனி ஆள் மெனு பார்த்து ஒரு கறியும் சோறும் சொன்னாலே 609 ஆகிவிடும். கிடைப்பது ஒரே ஒரு ருசி.

நாலு பேராகப் போனால் கணக்கு தலைகீழ். அம்மா வராத ஓர் இரவு தம்பி மனைவியையும் சேர்த்து நாலு பேர் போனோம். டாம் யம் 280, சோம் தாம் 320, கிரீன் கறி 460, துளசி போட்டு வதக்கிய கோழி 440, வள்ளைக்கீரை வதக்கல் 340, நாலு சோறு 480. கூட்டினால் 2,320. ஐந்து சதவீதம் ஜி.எஸ்.டி. 116 சேர்த்து 2,436. நாலு செட் லஞ்ச் வாங்கியிருந்தால் 2,310. வித்தியாசம் 126 ரூபாய், அதற்கு ஐந்து விதமான பண்டம் மேசைக்கு வந்தது. இதே 2,320, அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகும் நட்சத்திர ஓட்டலுக்குள் இருக்கும் உணவகமானால் வரி 18 சதவீதம், அதாவது 417 ரூபாய் 60 காசு. எங்கள் பில்லில் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜும் இருந்தது. அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் சொன்னதை டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்திருக்கிறது. மரியாதையாகக் கேட்டேன், எடுத்துவிட்டார்கள். பரிமாறிய பையனுக்குக் கையில் கொடுத்துவிட்டு வந்தோம்.

காசைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. தாய்லாந்தில் கறி, வதக்கல், சூப் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் 'கப் காவ்'. 'சோற்றோடு' என்று அர்த்தம். நாம் 'தொட்டுக்க என்ன?' என்று கேட்கிறோமே, அதே மனசு. ஆளுக்கொரு தட்டுச் சோறு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக நாலைந்து கிண்ணம். ஒன்று உறைப்பாக இருந்தால் பக்கத்தில் இனிப்பான தேங்காய்ப்பால் கறி, ஒன்று சாறாக இருந்தால் இன்னொன்று மொறுமொறுப்பாக. தனித்தனியாகச் சாப்பிட்டால் கிரீன் கறி திகட்டும், சோம் தாம் நாக்கைப் பொசுக்கும். அதில் போடும் மிளகாய்க்கு அவர்கள் வைத்த பெயரே எலிப் புழுக்கை மிளகாய். அளவும் அப்படித்தான், எரிச்சல் மட்டும் யானை. செட் லஞ்சில் இந்தப் பொருத்தம் எதுவும் கிடைக்காது.

நம் ஊர் உணவகங்கள் பழக்கத்தில் முதலில் சூப், பிறகு ஸ்டார்ட்டர், அப்புறம் மெயின் என்று வரிசையாகக் கொண்டுவருவார்கள். "எல்லாத்தையும் ஒண்ணா வெச்சிடுங்க" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். சூப்பைக்கூட இடையிடையே சோற்றில் ஊற்றிச் சாப்பிடலாம். குச்சி கேட்டு அல்லாட வேண்டாம். தாய்லாந்தில் சோற்றுக்குக் கரண்டிதான், முள்கரண்டி அதில் தள்ளிவிடுவதற்கு மட்டும். குச்சி நூடுல்ஸ் சூப்போடு சரி. வடகிழக்குப் பகுதியான ஈசானின் ஒட்டரிசிச் சோற்றைக் கையாலேயே உருட்டித் தொட்டுச் சாப்பிடுவார்கள். அங்கே நாம் யாருக்கும் பாடம் சொல்லலாம்.

அந்தத் துளசிக் கோழியைப் பற்றி ஒரு வார்த்தை. பாட் கப்ராவ் என்பது அதன் பெயர். கப்ராவ் என்றால் நம் துளசியேதான், பெருமாள் கோயில் தீர்த்தத்தில் மிதக்கிறதே அதுதான். கொத்திய இறைச்சியும் பூண்டும் மிளகாயும் பொரிகிற வாணலியில் கைநிறையத் துளசியைப் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி இறக்குவார்கள். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. கிரீன் கறியில் விழுவது வேறு இலை, நம் திருநீற்றுப்பச்சிலையின் இனம். சப்ஜா விதை தரும் செடி. பல சமையலறைகளில் இரண்டுக்கும் ஒரே இலையைப் போட்டு ஒப்பேற்றிவிடுகிறார்கள். எங்கள் தெருமுனைக் கடை இதில் நேர்மையாக இருந்தது. துளசியின் காரமான கிராம்பு வாசனை தட்டு வரும் முன்பே வந்துவிட்டது.

அம்மாவின் தட்டு

இனிமேல்தான் உண்மையான சிக்கல். வீட்டில் சைவம் சாப்பிடுபவர் ஒருவர் இருந்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் குப்புற விழும்.

தாய்ச் சமையலில் உப்பின் வேலையைப் பெரும்பாலும் செய்வது 'நாம் ப்ளா' என்ற மீன் சாறு. கறி விழுதில் 'கபி' என்ற இறால் விழுது. சோம் தாமில் உலர்ந்த இறால். வெறும் கீரை வதக்கலில்கூட ஆய்ஸ்டர் சாஸ், அதாவது சிப்பிச் சாறு. கண்ணுக்குத் தெரியும் மீன் துண்டை எடுத்து ஒதுக்கிவிடலாம், சாற்றில் கரைந்ததை என்ன செய்வது? திறந்த வாரத்தில் "இது வெஜ்தானே?" என்று கேட்டதற்குப் பரிமாறியவர் "ஃபுல் வெஜ் மேடம், சிக்கன் போட மாட்டோம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு வெஜ் என்றால் கோழி இல்லாதது. மேலாளரை அழைத்து விழுது எங்கே அரைக்கிறீர்கள் என்று கேட்டபோதுதான் வெஜ், நான்-வெஜ் இரண்டு கறிக்கும் ஒரே டப்பா விழுது, அதில் இறால் உண்டு என்பது வெளியே வந்தது. அன்றைக்கு அம்மா சாப்பிட்டது வெறும் சோறும் பொரித்த டோஃபுவும். டப்பா விழுது ஒன்றும் அவமானம் இல்லை, தாய்லாந்து வீடுகளிலேயே சந்தையில் விழுது வாங்குகிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்று பரிமாறுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் குறை.

ஆகவே 'வெஜ்ஜா?' என்று கேட்காதீர்கள். மீன் சாறு உண்டா, விழுதில் இறால் உண்டா, ஆய்ஸ்டர் சாஸ் உண்டா என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். சமையல்காரர் தாய்லாந்துக்காரராக இருந்தால் இரண்டு சொல் கைகொடுக்கும். 'மங்சவிரத்' என்றால் சைவம். மாமிசத்தை விடுவது என்ற வடசொல்லிலிருந்து வந்தது, நம் காதுக்கே பாதி புரியும். 'ஜே' என்றால் இன்னும் கறார். முட்டை, பால், வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. ஏகாதசிக்கு வெங்காயம் ஒதுக்குகிற வீடுகளுக்கு இந்தச் சொல்தான் சரி. சீன மாதக் கணக்கில் ஒன்பதாம் மாதம் அங்கே ஜே திருவிழா வரும். கடைகளில் மஞ்சள் கொடி கட்டியிருப்பார்கள். ஏறக்குறைய நம் நவராத்திரியை ஒட்டியே வருவதால், பாங்காக்கின் சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வழியெல்லாம் மஞ்சள் கொடிக் கடைகளில் சாப்பிட்டதாகத் தம்பி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அம்மாவுக்காக வீட்டிலேயே கிரீன் கறி வைப்பது என்று முடிவெடுத்தேன். முதல் முயற்சி தோல்வி. பேரரத்தை கிடைக்காமல் நாட்டு மருந்துக் கடையில் உலர்ந்த சித்தரத்தை வாங்கி ஊறவைத்து அரைத்துப் போட்டேன். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "இருமலுக்கு நல்லது" என்றாள்.

இரண்டாம் முறை கோயம்பேட்டில் தேடிப் பச்சைப் பேரரத்தை வாங்கினேன். இஞ்சிபோல இருக்கும், தோல் வெளுப்பு, நறுக்கினால் கத்திக்கு வலிக்கும். எலுமிச்சம்புல் மொட்டைமாடித் தொட்டியிலேயே இருக்கிறது. சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், தனியா, சீரகம், வெள்ளை மிளகு எல்லாம் வீட்டுச் சாமான். கொத்தமல்லிக் கட்டில் நாம் வெட்டி எறிகிற வேர்தான் அந்த விழுதின் உயிர். கழுவி அப்படியே உரலில் போட வேண்டும். எலுமிச்சை இலைக்கு என்ன செய்வது என்று முழித்தபோது அம்மாவே வழி சொன்னாள். பக்கத்து வீட்டு நார்த்தை மரத்தில் நாலு இளம் இலை. வேப்பிலைக்கட்டிக்கு நடு நரம்பைக் கிள்ளி எடுப்போமே, அதே மாதிரி எடுத்துவிட்டு மெல்லியதாக அரிந்தோம். தாய் இலையின் மணம் இன்னும் கூர்மை. இருந்தாலும் இது உறவுதான். இறால் விழுதுக்குப் பதில் உப்பும் இரண்டு கரண்டி சோயா சாஸும்.

தேங்காய்ப்பால் விஷயத்தில்தான் அம்மாவுக்கும் எனக்கும் சண்டை. நம் வழக்கத்தில் முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கும் முன்பே இறக்கிவிடுவோம், திரிந்துவிடக் கூடாது என்று. தாய்க் கறியில் முதல் பாலைத்தான் முதலில் வாணலியில் ஊற்ற வேண்டும். அது கொதித்துத் திரிந்து எண்ணெய் பிரிய வேண்டும், அந்த எண்ணெயில்தான் விழுது வதங்க வேண்டும். அப்புறம்தான் இரண்டாம் பால். "முதல் பாலை யாராவது இப்படிக் கொல்லுவாங்களா?" என்று அம்மா பக்கத்தில் நின்று புலம்பினாள். எண்ணெய் பிரிந்து விழுது அதில் இறங்கியபோது எழுந்த வாசனைக்குப் பிறகு பேச்சில்லை. கடைத் தேங்காய்ப்பால் டப்பாக்களில் சில, கலவை பிரியாமல் இருக்கப் பொருள் சேர்த்தவை. எவ்வளவு கொதித்தாலும் எண்ணெய் விடாது. அப்படியானால் கொஞ்சம் எண்ணெயிலேயே விழுதை வதக்கிக்கொள்ளுங்கள். அரைக்க முடியாது, டப்பா விழுதுதான் என்றால் பச்சைப் புள்ளி பார்த்து வாங்குங்கள்.

நாலு பேருக்கு முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. நேரம் இரண்டு மணி, தோள்பட்டை வலி தனி. சோம் தாம் இன்னும் சுலபம். சின்ன உரல், பப்பாளிக்காய், காராமணி, தக்காளி, வேர்க்கடலை, எலுமிச்சை, கருப்பட்டி, உப்பு. உணவகத்தில் 320 ரூபாய்க்கு வந்ததைவிட வீட்டில் செய்தது நன்றாக இருந்தது என்று தம்பியே ஒப்புக்கொண்டான். மாம்பழ ஒட்டரிசியை ஏப்ரல், மே மாதத்தில் வீட்டிலேயே செய்யுங்கள். இரவு ஊறவைத்த அரிசியை இட்லிப் பானையில் துணி போட்டு வேகவைத்தால் போதும். நம் பங்கனப்பள்ளி தோட்டத்தில் குவிந்து கிடக்கும்போது மெனு அட்டையில் அதற்குத் தனி விலை கொடுப்பதற்கு எனக்கு மனசு வராது. வீட்டில் முடியாதது வாணலிப் பண்டங்கள். நம் கேஸ் அடுப்பின் தீ போதாது, பாட் தாய் வதங்குவதற்குப் பதில் அவிந்துவிடுகிறது. இரண்டு தடவை முயன்று கைவிட்டேன்.

எங்கள் வீட்டில் இப்போதைக்கு ஏற்பாடு இப்படி. பாட் தாயும் துளசிக் கோழியும் சாப்பிட வேண்டுமானால் செவ்வாய் அல்லது புதன் இரவு, கூட்டமில்லாதபோது, நேரில். மழைக்கு மாசமன் மட்டும் பார்சல். கிரீன் கறியும் சோம் தாமும் வீட்டில். செட் லஞ்ச் எனக்கு மட்டும், அந்தப் பக்கம் வங்கி வேலை இருக்கிற நாளில்.

போன வாரம் மேலாளர் என்னைப் பார்த்ததும் அவராகவே வந்து, வெஜ்ஜுக்குத் தனி விழுது அரைக்க ஆரம்பித்துவிட்டோம், தனி வாணலியும் வைத்திருக்கிறோம் என்றார். அம்மாவைக் கூட்டிப்போனேன். காளான் டாம் யம் வந்தது. அம்மா முதல் கரண்டியைக் குடித்துவிட்டுக் கிண்ணத்துக்குள் எட்டிப்பார்த்தாள். "ரசம் நல்லாத்தான் இருக்கு. இதுல எதுக்குடி விறகைப் போட்டிருக்காங்க?" எலுமிச்சம்புல்லையும் பேரரத்தையையும் கறிவேப்பிலை மாதிரி ஒதுக்கிவிட வேண்டும் என்று சொன்னேன். ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கி வைத்துக்கொண்டே கிண்ணத்தைக் காலி செய்தாள்.

மறுநாள் காலை மொட்டைமாடித் தொட்டியில் எலுமிச்சம்புல் அடியோடு அறுபட்டிருந்தது. மதியம் தக்காளி ரசத்தில் நாலு விறகு மிதந்தது.